மூணு இன்ச் திரையில் தமிழ் அடிக்க எந்தக் கீபோர்டு?

சின்ன போன் வாங்கப் போகிறவர் கையில் ஒரு ஸ்கேல் இருப்பது நல்லது. கடைக்காரர் சொல்லும் இன்ச் கணக்கு மூலைக்கு மூலை அளந்தது. கீபோர்டுக்கு வேண்டியது குறுக்களவு. யூனிஹெர்ட்ஸ் ஜெல்லி 2, ஜெல்லி ஸ்டார் மாதிரியான 3 இன்ச் போன்களில் (480×854 புள்ளிகள்) திரையின் குறுக்களவு 37 மி.மீ.தான். ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் அகலம். 2017-இல் வந்த முதல் ஜெல்லி இன்னும் சின்னது: 2.45 இன்ச் திரை, குறுக்கே 30 மி.மீ. 4 இன்ச் போன் என்றால் 50 மி.மீ. இன்று எல்லோர் கையிலும் இருக்கும் 6.5 இன்ச் போனில் 68 மி.மீ.

வடசென்னையில் இப்படிப்பட்ட போனுக்குத் தேவை நிறையவே இருக்கிறது. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் நிற்பவருக்கு லுங்கி மடிப்பில் செருகிக்கொள்ள ஒரு போன் வேண்டும். ஆறே முக்கால் இன்ச் கண்ணாடிப் பலகை அதற்கு ஒத்துவராது. துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர், எம்.சி. ரோட்டில் துணி மூட்டையோடு ஓடும் கடைப் பையன், கும்மிடிப்பூண்டி யூனிட் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குபவர் எல்லோருக்கும் இதே கதைதான். பெரிய போன் வீட்டில், சின்னது பையில். பேசுவதற்கு ஒரு குறையும் இல்லை. ‘வந்துட்டேன்’ என்று ஒரு வரி தமிழில் அடிக்க உட்காரும்போதுதான் சிக்கல்.

முதலில் கணக்கு. ஆங்கிலக் கீபோர்டின் மேல் வரிசையில் 10 விசை. 37 மி.மீ.யை 10-ஆல் வகுத்தால் விசைக்கு 3.7 மி.மீ. தமிழக அரசு ஏற்ற விசை அமைப்பான தமிழ்99-இல் மேல் வரிசையில் ஆ ஈ ஊ ஐ ஏ ள ற ன ட ண ச ஞ என்று 12 விசை, ஒன்றுக்கு 3.1 மி.மீ. கட்டைவிரல் திரையில் பதியும் இடமோ கிட்டத்தட்ட ஒரு செ.மீ. விரலால் தொட வேண்டிய எதுவும் ஏறக்குறைய 9 மி.மீ. அகலம் இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு செயலி எழுதுவோருக்கு கூகுள் சொல்லும் அளவு. ஆக, ஒரு விரல் பதிகிற இடத்துக்குள் மூன்று எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன.

அப்படியிருந்தும் அதே போனில் ஆங்கிலம் ஓரளவு ஓடுகிறது. அது யூகத்தின் வேலை. விரல் பட்ட இடத்தைக் கீபோர்டு ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் உள்ள விசைகள் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு வாய்ப்பு என்று மதிப்புப் போடுகிறது. பிறகு தன் சொற்பட்டியலோடு ஒத்துப் பார்த்து, நீங்கள் இதைத்தான் நினைத்திருப்பீர்கள் என்று ஒரு சொல்லைத் தருகிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு நாலைந்து வடிவம்தான் என்பதால் பட்டியல் போதுமானதாக இருக்கிறது. அரைகுறையாகத் தட்டினாலும் சரியான சொல் வந்து விழும்.

தமிழில் இந்தக் கைத்தடி பாதியில் ஒடிகிறது. ‘வீடு’ என்ற ஒரே சொல் வீட்டை, வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டுக்காரங்ககிட்டயும் என்று ஒட்டு மேல் ஒட்டாக வளரும். அத்தனை வடிவமும் பட்டியலில் இருக்காது. அதிலும் நம் பக்கத்துப் பேச்சில் அது ‘ஊட்டாண்ட’ ஆகிவிடும். இன்னா, துட்டு, குந்து, அப்பால என்று அடித்தால் கீபோர்டு அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும்.

இன்னொரு சங்கடம், தமிழில் பக்கத்து விசையைத் தட்டினாலும் பல நேரம் ஒரு நல்ல சொல்லே வந்துவிடுகிறது. தமிழ்99-இல் க, ப, ம மூன்றும் அடுத்தடுத்த விசைகள். ‘பணம் அனுப்பு’ என்று அடிக்கப் போய் ‘மணம் அனுப்பு’ ஆகும். ல-வும் ர-வும் பக்கத்துப் பக்கத்தில். கரை கலையாகும், மரம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் எந்தத் திருத்தியும் கண்டுபிடிக்காது. ஆகவே தமிழில் அடிப்பவர் யூகத்தை நம்பிக் கீபோர்டு தேர்ந்தெடுக்கக் கூடாது. விசையின் அகலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ‘அதிகம் பேர் போட்டிருக்காங்க’ என்பது 68 மி.மீ. திரைக்குச் சரியான காரணம். 37 மி.மீ.க்கு அது பொருந்தாது.

அகலத்துக்கு அடுத்தது, ஒரு சொல்லுக்கு எத்தனை தட்டு. ‘வண்ணாரப்பேட்டை’யை எடுத்துக்கொள்வோம். புள்ளியையும் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகப் போடும் நேரடிக் கீபோர்டில் வ, ண, புள்ளி, ண, துணைக்கால் என்று போய் 14 தட்டு. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் 13 தட்டு, அதற்கு மேல் பட்டியலில் இருந்து ஒரு தேர்வு. தமிழ்99-இல் வ, ண, ண, ஆ, ர, ப, ப, ஏ, ட, ட, ஐ: 11. நூறு தட்டுக்கு ஐந்து பிசகும் விரல் என்று வைத்துக்கொண்டால், 11 தட்டுச் சொல் பிழையில்லாமல் முடிய நூற்றுக்கு 57 வாய்ப்பு; 14 தட்டுச் சொல்லுக்கு 49. நூறு தட்டுக்கு இரண்டே பிசகினால் இது 80-க்கும் 75-க்கும் ஏறிவிடும். தட்டைக் குறைப்பதைவிடப் பிசகைக் குறைப்பதில்தான் லாபம் அதிகம் என்பது இதிலேயே தெரிகிறது.

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவதில் இரண்டு வகை உண்டு. பலர் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் இருப்பது யூக வகை. எழுத்துக்கூட்டல் முன்னே பின்னே இருந்தாலும் அது ஒரு தமிழ்ச் சொல்லைக் கணித்து மேலே உள்ள பட்டையில் காட்டும். அஞ்சல் முறை விதி வகை. இந்த எழுத்துக்கு இதுதான் என்று கட்டாயம் உண்டு; ண, ள, ற போன்றவற்றுக்கு ஷிஃப்ட் வேண்டும். பெரிய போனில் யூக வகைதான் சுகம். மூணு இன்ச்சில் அது இரண்டு இடத்தில் ஏமாற்றுகிறது. ஆங்கில விசையே 3.7 மி.மீ. என்பதால் ஒரு எழுத்து மாறிப் பதிகிறது. மாறிய எழுத்தை வைத்து அது வேறொரு தமிழ்ச் சொல்லைக் கணிக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு யூகம் என்றால் இங்கே யூகத்தின் மேல் யூகம். அடுத்தது, பட்டையில் மூன்று சொற்கள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் 12 மி.மீ. கிடைக்கிறது, நீளமான தமிழ்ச் சொல் அதில் நடுவில் வெட்டுப்பட்டோ பொடி எழுத்திலோ தெரியும். ல, ள, ழ வித்தியாசம் அந்த அளவில் கண்ணுக்குப் படாது. ‘வாழை’ வேண்டியவர் ‘வாளை’யைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுவார். காசிமேட்டில் வாளை என்றால் மீன், அது வேறு கணக்கு.

தமிழ்99-ஐப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து அதே ஆண்டு தமிழக அரசு ஏற்று அறிவித்த அமைப்பு இது. கம்ப்யூட்டருக்காக உருவானது; இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். இதன் அழகு விசைகள் இருக்கும் இடத்தில் இல்லை, விதியில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதில் தானாகப் புள்ளி விழும்: க, க தட்டினால் க்க. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. ‘நன்றி’க்கு ந, ன, ற, இ என்று நாலு தட்டு போதும்.

இந்த விதியில் ஒரு பள்ளம் உண்டு. ‘நதி’ அடிக்க ந, த, இ தட்டினால் ‘ந்தி’ என்று வந்து நிற்கும். ‘பப்பாளி’யிலும் முதல் ப, அடுத்த ப-வோடு ஒட்டிக்கொள்ளும். முதல் எழுத்துக்குப் பின் அ-வைத் தட்ட வேண்டும்: ந, அ, த, இ. இது தெரியாமல் கீபோர்டு கெட்டுவிட்டது என்று கழற்றிப் போட்டவர்கள் உண்டு. இன்னொரு எச்சரிக்கை: தமிழ்99 என்று பெயர் போட்ட எல்லாச் செயலியிலும் இந்த விதிகள் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எழுத்துகளை அந்த வரிசையில் அடுக்கிவிட்டு விதியை விட்டுவிடுவதும் நடக்கிறது. சோதிக்க ஒரே சொல் போதும். அ, ம, ம, ஆ தட்டுங்கள். ‘அம்மா’ வந்தால் விதி இருக்கிறது. புள்ளியில்லாமல் வந்தால் இடம் மட்டும்தான். தட்டு எண்ணிக்கையில் கிடைக்க வேண்டிய லாபம் போயிற்று. செல்லினம் என்ற செயலியில் அஞ்சல், தமிழ்99 இரண்டும் உண்டு. திறமூலச் செயலியான இண்டிக் கீபோர்டிலும் தமிழ்99 இருக்கிறது. ஐபோனில் தனியாக எதையும் போட வேண்டாம், இரண்டும் உள்ளேயே இருக்கின்றன.

50 மி.மீ. திரையில் தமிழ்99-இன் மேல் வரிசை விசை 4.2 மி.மீ. வரும். கைப்பழக்கம் உள்ளவருக்கு இது ஓடும். 37 மி.மீ.யில் நிமிர்த்திப் பிடித்து அடிப்பது வீண் வேலை. படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். அப்போது குறுக்களவு 66 மி.மீ. ஆகி, விசைக்கு 5.5 மி.மீ. கிடைக்கும். உயரம் 37 மி.மீ.யாகச் சுருங்கும்; நாலு வரிசை 5 மி.மீ. வீதம் 20, பட்டைக்கு 5 போனால் மீதி 12 மி.மீ.தான். எதிராளி என்ன எழுதினார் என்பது தெரியாது, நீங்கள் அடிக்கும் ஒன்றிரண்டு வரி மட்டும் தெரியும். சிலநேரம் ஆண்ட்ராய்டு செயலியையே மறைத்துவிட்டு எழுதும் பெட்டியை மட்டும் திரை முழுக்கக் காட்டும். பயப்பட ஒன்றுமில்லை, படுக்கைவாட்டில் இடம் போதாதபோது அது அப்படித்தான் செய்யும். பெட்டியின் ஓரத்தில் உள்ள பொத்தானைத் தட்டினால் பழைய திரை வந்துவிடும்.

ரயிலில் ஒரு கையால் அடிப்பவருக்குப் படுக்கைவாட்டு உதவாது. அவருக்கு எங்கள் பரிந்துரை ஆறு பத்தி அமைப்பு, அதாவது ஒரு வரிசைக்கு ஆறே விசை. இது கடையில் தயாராகக் கிடைப்பதில்லை. ஒரு தடவை உட்கார்ந்து செய்துகொள்ள வேண்டும். எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலித் தளத்தில் கிடைக்கும் ஹெலிபோர்டு என்ற திறமூலக் கீபோர்டு, சொந்த விசை அமைப்பை ஏற்கிறது. எழுதும் முறை எளிது: ஒரு வரிக்கு ஒரு விசை, ஒரு வரி காலியாக விட்டால் அடுத்த வரிசை தொடங்கும், விசையை அழுத்திப் பிடித்தால் வர வேண்டிய எழுத்துகளை அதே வரியில் இடைவெளி விட்டு எழுத வேண்டும். மொழி, அமைப்பு பகுதியில் தமிழைத் தேர்ந்து, புதிய அமைப்பு சேர்க்கும் இடத்தில் இதை ஒட்டலாம்.

எழுத்துகளை அடுக்க ஒன்றாம் வகுப்பு மனப்பாடமே போதும். முதல் வரிசை யரலவழள. இரண்டாவது கசடதபற. மூன்றாவது ஙஞணநமன. நாலாவதில் துணைக்கால், இகர, ஈகார, உகரக் குறிகள், ஐகாரக் குறி, புள்ளி. ஐந்தாவதில் எ, ஏ, ஒ, ஓ குறிகள் நான்கு மட்டும். அந்த வரிசையில் ஷிஃப்டும் அழிப்பு விசையும் இடம் கேட்கும் என்பதால் ஆறு போடாதீர்கள். மொத்தம் 28 விசை. ஊகாரக் குறியை உகரத்தின் அடியில் ஒளித்துவையுங்கள், ஔகாரக் குறியை ஒகரத்தின் அடியில். தனி உயிர் எழுத்துகள் அந்தந்தக் குறியை அழுத்திப் பிடித்தால் வரட்டும். அ-வும் ஃ-உம் புள்ளியின் அடியில். ச-வின் அடியில் ஜ, ஸ, ஷ. க-வின் அடியில் ஹ. விசை அகலம் 6.2 மி.மீ., அதாவது பெரிய போனில் கிடைப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். வரிசை உயரம் 5 மி.மீ. என்றால், இடைவெளி விசை வரிசையும் சேர்த்து 30 மி.மீ. போகும். 66-இல் மீதி 36, அதாவது பாதித் திரைக்கு மேல்.

குறை சொல்லாமல் விடக் கூடாது. இதில் தமிழ்99-இன் தானியங்கிப் புள்ளி கிடையாது. தட்டு எண்ணிக்கை நேரடிக் கீபோர்டு அளவுதான், வண்ணாரப்பேட்டைக்கு 14. அது, அவரு, அங்க என்று நாள் முழுக்க அ-வில் தொடங்கும் சொல்லாக அடிப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் அழுத்திப் பிடிப்பது எரிச்சலைக் கிளப்பும். அழுத்திப் பிடிக்கும் நேரத்தை அமைப்பில் குறைத்துக்கொண்டால் கொஞ்சம் தணியும்; ரொம்பக் குறைத்தால் சாதாரணத் தட்டுகூட அழுத்திப் பிடித்ததாக ஆகிவிடும். கால் நொடிக்குக் கொஞ்சம் மேல் வைத்துத் தொடங்குங்கள். அன்எக்ஸ்பெக்டெட் கீபோர்டு என்ற இன்னொரு செயலியும் சொந்த அமைப்பை ஏற்கும். அதில் அழுத்திப் பிடிப்பதற்குப் பதில் விசையின் மூலையை நோக்கி இழுப்பது. இழுப்பது வேகம், ஆனால் அமைப்புக் கோப்பு எழுதக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்கள் அதே தட்டச்சு அமைப்பைப் போனிலும் தேடுவதுண்டு. கொம்பை முதலில் போட்டுப் பிறகு மெய்யைத் தட்டும் கை அது. பத்து விரலுக்கும் ஷிஃப்டுக்கும் திட்டமிட்ட அமைப்பை ஒரு கட்டைவிரலுக்கு ஒடுக்க முடியாது. விட்டுவிடுவதே நல்லது.

விரலை எடுக்காமல் இழுத்து அடிப்பது இந்த அளவில் ஆங்கிலத்துக்கே பாதி வெற்றிதான். கோடு சுருங்கச் சுருங்க விரலின் நடுக்கம் அதில் பெரிய பங்காகிவிடுகிறது, கட்டைவிரலே பாதிக் கீபோர்டை மறைத்தும்விடுகிறது. கையெழுத்து முறையில் எழுத்தாக எழுத வேண்டும், சொல்லாக எழுத இடமில்லை. கொ என்று எழுதக் கொம்பு, க, துணைக்கால் மூன்றும் 37 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். ண-வும் ன-வும் சுழி எண்ணிக்கையில் மாறிப்போகும். வயதானவர்கள், கீபோர்டே வேண்டாம் என்பவர்கள் முயலலாம்.

குரல் வழி வேறு விஷயம், சின்ன போனுக்கு அது உண்மையான மாற்று. கூகுளின் குரல் உள்ளீட்டில் தமிழ் 2017 ஆகஸ்டில் சேர்ந்தது. திரை எவ்வளவு சின்னது என்பதைப் பற்றி மைக் கவலைப்படுவதில்லை. ஏலக் கூச்சலிலும், மின்ட் தெரு ஹாரன் சத்தத்திலும் போனை வாயருகே ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவந்து பேசுங்கள். நீளமான செய்தியைக் குரலில் சொல்லிவிட்டு, தப்பிய ஓரிரு சொல்லை மட்டும் ஆறு பத்திக் கீபோர்டில் திருத்துவதுதான் அன்றாடத்துக்குத் தோதான ஏற்பாடு. திருத்தும்போது சொல்லுக்குள் கர்சரை வைக்க விரலால் குறி பார்க்காதீர்கள். பல கீபோர்டுகளில் இடைவெளி விசையின் மேல் விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் கர்சர் நகரும்.

எந்தக் கீபோர்டானாலும் சின்னத் திரையில் செய்ய வேண்டிய சில ஒழுங்குகள் உண்டு. எண் வரிசையை அணைத்துவிடுங்கள், 5 மி.மீ. மிச்சம். ஸ்டிக்கர், கருவிப்பட்டை எல்லாவற்றையும் மறையுங்கள். ஒற்றைக் கை பயன்முறை தவறுதலாக இயங்கியிருந்தால் அணையுங்கள், 37 மி.மீ.யை 30 ஆக்கி ஓரத்தில் ஒதுக்கும் அது பெரிய போனுக்கான வசதி. கீபோர்டின் உயரத்தைக் கூட்டினால் மேல் கீழ் வரிசை மாறுவது குறையும். பக்கத்து விசை மாறுவது அப்படியேதான் இருக்கும், உயரம் அகலத்தைத் தராது.

உறையையும் பாருங்கள். விளிம்பு மேலெழும்பிய ரப்பர் உறை போட்டால் விரல் திரையின் ஓரம் வரை இறங்காது. தமிழ்99-இல் அ, ஆ இரண்டும் இடது ஓரத்தில், ய-வும் ஞ-வும் வலது ஓரத்தில். 3 மி.மீ. விசையில் 1 மி.மீ. உறைக்குள் போனால் அந்த எழுத்தே போன மாதிரிதான். அளவு பொருந்தாத டெம்பர் கிளாஸ் ஓரத்தில் தூக்கி நின்றாலும் இதே கதி. ‘அ மட்டும் விழ மாட்டேங்குது’ என்றால் செயலியைச் சந்தேகிக்குமுன் உறையைக் கழற்றி அடித்துப் பாருங்கள்.

ஈரக் கை இன்னொரு வில்லன். தொடுதிரை விரலின் மின்னூட்ட மாற்றத்தை வைத்து வேலை செய்கிறது. உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒரு சொட்டு இரண்டு மூன்று விசை அகலத்துக்குப் பரவினால் திரைக்கு அது பெரிய விரலாகத் தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. பெரிய போனில் ஒரு விசையைக் கெடுக்கும் சொட்டு இங்கே ஒரு சொல்லையே கெடுக்கும். திரையைத் துடைப்பதோடு விரலையும் துடைக்க வேண்டும். மீன் செதிள் ஒட்டிய விரலுக்குக் குரல்தான் வழி.

அடித்தது பார்வைக்குச் சரியாக இருந்தும் உள்ளே தப்பாக இருக்கும் கேஸ்கள் தனி. துணைக்காலும் ர-வும் பொடி எழுத்தில் ஒன்று போல இருப்பதால், ‘ர்’ போட வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்து அனுப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் கிடைக்காது. இதைவிடப் பரவலானது ஔகாரம். கௌ என்பதற்கு ஒரே குறி உண்டு. அது கிடைக்காமல் கெ-யும் ள-வும் தனித்தனியாக அடித்து ஒப்பேற்றுகிறார்கள். பெளர்ணமி, மெளனம் என்று அடித்த பெயரைத் தொடர்புப் பட்டியலில் பிறகு தேடினால் வராது. இதற்கு நேர்மாறாகக் கானாங்கெளுத்தியில் வருவது நிஜமான கெ-யும் ளு-வும். இரண்டையும் பிரித்தறியாத கீபோர்டு மீனின் பெயரைச் சிதைத்துவிடும்.

கீபோர்டை முடிவு செய்யுமுன் இந்த ஒரு வரியை ஒவ்வொன்றிலும் மூன்று தடவை அடித்துப் பாருங்கள்: ‘நன்றி அண்ணே, கானாங்கெளுத்தி ரெண்டு கிலோ பௌர்ணமிக்கு முன்னாடி ஊட்டாண்ட குடு, ஜிபேல துட்டு போட்றேன்.’ இன எழுத்து, இரட்டித்த எழுத்து, கெளு, பௌ, ஜ, பேச்சுச் சொல் எல்லாம் இதில் இருக்கின்றன. முதல் தடவை எடுக்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். மூன்றாவது தடவையில் எத்தனை முறை அழிப்பு விசைக்குப் போனீர்கள் என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் போனால் அந்த அமைப்பு உங்கள் விரலுக்கு ஆகாது. இதையே எஸ்எம்எஸ்ஸாக அனுப்பினால் ஒரே செய்தியில் அடங்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம் என்றால் தமிழில் 70. குறி, புள்ளி ஒவ்வொன்றும் ஓரிடம் பிடிக்கும். கொ என்பது இரண்டு.

பழைய ஆண்ட்ராய்டும் 1 ஜிபி ரேமும் உள்ள இறக்குமதி மினி போன்கள் பர்மா பஜார் பக்கம் கண்ணில் படும். இந்தியாவில் விற்கும் போன்கள் 22 மொழிகளையும் படிக்கக் காட்ட வேண்டும். ஆங்கிலம், இந்தி தவிர இன்னொரு இந்திய மொழியிலாவது எழுத வசதி தர வேண்டும் என்பது ஐஎஸ் 16333 மூன்றாம் பகுதி என்ற 2016 தரநிர்ணயம். வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்த போனில் இதை எதிர்பார்க்க முடியாது. காசு கொடுக்குமுன் கடையிலேயே ஒரு தமிழ்ச் செய்தியைத் திறந்து பாருங்கள். கொம்பு தனியாக, புள்ளி வட்டத்தோடு நின்றால் அந்தப் போன் வேண்டாம். எழுத்துக் காட்டும் முறையே அதில் சரியில்லை, கீபோர்டை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. ரேம் குறைந்த போனில் கனமான கீபோர்டை ஆண்ட்ராய்டு பின்னணியில் நிறுத்திவிடும். பெட்டியைத் தொட்டு இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் கீபோர்டு எழும்பும். அங்கே குரலும் யூகமும் இல்லாத சிறிய செயலியே மேல்.

புதிய கீபோர்டை இயக்கும்போது, நீங்கள் அடிக்கும் கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் இது சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டு எச்சரிக்கும். எல்லாக் கீபோர்டுக்கும் வரும் எச்சரிக்கைதான், ஆனால் பொய்யில்லை. ஹெலிபோர்டு இணைய அனுமதியே கேட்பதில்லை. அடித்தது வெளியே போக வழியில்லை. யூபிஐ பின் அடிக்கும் பக்கத்தில், யூபிஐ-யை நடத்தும் என்பிசிஐ-யின் சொந்த எண் பலகை வரும், உங்கள் கீபோர்டு அங்கே நுழையாது. வங்கிக் கடவுச்சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

புதிதைப் போட்ட உற்சாகத்தில் போனோடு வந்த பழைய கீபோர்டை முடக்கிவிடாதீர்கள். போனை அணைத்துப் போட்டதும், முதல் தடவை பூட்டைத் திறக்கும் வரை பல வெளிக் கீபோர்டுகள் இயங்காது; திறக்க எழுத்துக் கடவுச்சொல் வைத்திருந்தால் அதை அடிக்க அந்தப் பழைய கீபோர்டுதான் வர வேண்டும். அதையும் முடக்கியிருந்தால் பூட்டின் முன்னால் கீபோர்டே இல்லாமல் நிற்க நேரிடும். சின்ன போனுக்கு எழுத்துக் கடவுச்சொல் வேண்டாம், ஆறு இலக்க எண் வையுங்கள். எண் பலகையில் குறுக்கே மூன்றே விசை, ஒன்றுக்கு 12 மி.மீ.